ஏழ்மையும் நாட்பட்ட நோயும்: புள்ளிவிவரங்களைப் படித்தறியும் முறை

ஏழைகளிடம்தான் சர்க்கரை நோய் அதிகம் என்று ஓர் அறிக்கை கூறுகிறது. வசதி படைத்தவர்களிடம்தான் அது அதிகம் என்று மற்றோர் அறிக்கை கூறுகிறது. இரண்டுமே நேர்மையாகத் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு, தேர்ந்த ஆய்வாளர்களால் எழுதப்பட்டவையாக இருக்கக்கூடும். செல்வ நிலைக்கும் நாட்பட்ட நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி முதன்முறையாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் குழம்பிப்போகிறார்கள். சிலர் தமக்கு உவப்பான அறிக்கையை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. ஓர் அட்டவணையோ வரைபடமோ கையில் கிடைத்தால் அதனிடம் எந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்று தெரிந்துகொண்டால், முரண்போலத் தோன்றும் முடிவுகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

சுகாதாரப் புள்ளிவிவரங்களைப் படிக்கவோ அவற்றைப் பற்றி எழுதவோ வேண்டியுள்ள மாணவர்கள், செய்தியாளர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். இதன் அடியில் உள்ள கருத்து ஒன்றே: வறுமை நோயைக் கூட்டுவதோடு நின்றுவிடுவதில்லை, நோய் எண்ணப்படும் விதத்தையும் அதுவே மாற்றிவிடுகிறது. பரிசோதனைக்கே செல்லாதவர், நோயோடு நீண்ட காலம் உயிர் வாழாதவர், முதுமையை எட்டாதவர் என்று கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறவர்களில் ஏழைகளே மிகுதி. ஆகவே "ஏன் இந்த வேறுபாடு?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, "எப்படி எண்ணினார்கள்?" என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த விகிதம் என்று முதலில் பாருங்கள்

"நோய் விகிதம்" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு அளவுகள் புழங்குகின்றன. ஓர் ஆண்டில் புதிதாக நோய் காண்பவர்களின் விகிதம் ஒன்று. குறிப்பிட்ட ஒரு நாளில் அந்த நோயோடு வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் விகிதம் மற்றொன்று. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் மூன்றாவது. இவை மூன்றும் செல்வ நிலையோடு ஒரே திசையில் நகரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது அளவில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஒரு சமூகத்தில் நோயோடு வாழ்வோரின் எண்ணிக்கை, ஆண்டுதோறும் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பதையும், வந்தபின் அவர்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்பதையும் ஏறக்குறையப் பெருக்கினால் கிடைப்பது. வசதியான ஒரு பகுதியில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 5 பேருக்கு ஒரு நோய் புதிதாக வருகிறது என்றும், அவர்கள் சராசரியாக 20 ஆண்டுகள் அதனோடு வாழ்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நோயோடு வாழ்பவர்கள் ஆயிரத்தில் ஏறத்தாழ 100 பேர். ஏழ்மையான பகுதியில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 7 பேருக்கு அதே நோய் வருகிறது. ஆனால் 12 ஆண்டுகளே வாழ்கிறார்கள். அங்கே அது ஏறத்தாழ 84 பேர். நோய் வரும் வேகம் ஏழைப் பகுதியில் 40 சதவீதம் கூடுதலாக இருந்தும், நோயோடு வாழ்வோர் விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பகுதியே ஆரோக்கியமானதாகத் தோன்றும். விரைவாக இறப்பது புள்ளிவிவரத்தில் நலமாகப் பதிவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா நோய்களும் ஏழ்மையின் பக்கமே சாய்வதும் இல்லை. உயர் வருமான நாடுகள் பலவற்றில் மார்பகப் புற்றுநோய் வசதியான பெண்களிடமே அதிகமாகப் பதிவாகிறது. முதல் பேறு தாமதமாவது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவது, பரிசோதனைத் திட்டங்களுக்குத் தவறாமல் செல்வது ஆகியவை அதற்கான காரணங்களில் அடங்கும். ஆனால் நோய் கண்டபின் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு பின்தங்கிய பகுதிப் பெண்களுக்குக் குறைவு. உயர் வருமான நாடுகளில் இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது உடல் இன்சுலினைச் சரிவரப் பயன்படுத்தாத வகை, ஏழ்மையோடு வலுவாகப் பிணைந்திருக்கிறது. உடலில் இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் முதலாம் வகை நீரிழிவு புதிதாக வருவதில் அத்தகைய பிணைப்பு இல்லை. ஆகவே "நீரிழிவு" என்று மட்டும் தலைப்பிட்ட அட்டவணையில் இரு வகைகளும் கலந்திருக்கின்றனவா என்று பார்ப்பது வீண் வேலையல்ல.

யாருக்கு நோய் கண்டறியப்பட்டது?

பெரும்பாலான குடும்பக் கணக்கெடுப்புகளில் உள்ள கேள்வியை அப்படியே எடுத்துப் பாருங்கள்: "உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவரோ செவிலியரோ எப்போதாவது உங்களிடம் சொன்னதுண்டா?" இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வர நான்கு காரியங்கள் நடந்திருக்க வேண்டும். அவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்க வேண்டும். அவர் மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டும். அங்கே அழுத்தம் அளக்கப்பட்டிருக்க வேண்டும். முடிவு அவருக்குப் புரியும்படி சொல்லப்பட்டு, அது அவர் நினைவில் நின்றிருக்க வேண்டும். முதலாவதைத் தவிர மற்ற மூன்றும் நோயைப் பற்றியவை அல்ல. பணம், நேரம், தொலைவு, கல்வி ஆகியவற்றைப் பற்றியவை. நாள் கூலிக்கு வேலை செய்பவர் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு, வலியோ காய்ச்சலோ இல்லாதபோது ரத்த அழுத்தம் பார்க்கப் போவதில்லை. அவருடைய "இல்லை" என்ற பதிலும், பரிசோதித்து நலமாக இருப்பதாக உறுதி செய்துகொண்டவரின் "இல்லை" என்ற பதிலும் தரவில் ஒரே எழுத்தில் பதிவாகின்றன.

வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இந்தக் கேள்வியை மட்டும் நம்பிக் கணக்கிட்டால் நாட்பட்ட நோய்கள் செல்வந்தர்களின் நோய்களாகத் தெரிவதும், அறிகுறிகளைக் கேட்டறிந்தோ நேரடியாக அளந்தோ கணக்கிட்டால் அந்தச் சாய்வு சுருங்குவதும் சில நோய்களில் திசையே மாறுவதும் இதனால்தான்.

எனவே அட்டவணையைப் படிக்கும்போது நோயாளி சொன்னதா, பதிவேட்டிலிருந்து எடுத்ததா, அளந்து பார்த்ததா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அளந்த மதிப்பு இருந்தால், அதாவது ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்பது போன்ற வரையறை இருந்தால், அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. மாத்திரை சாப்பிட்டு அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் அளவு 140/90க்குக் கீழே இருக்கும். மருந்து உட்கொள்வோரையும் நோயாளிகளாகச் சேர்த்துக்கொள்ளாத வரையறையைப் பயன்படுத்தினால், நல்ல சிகிச்சை பெறும் வசதியானவர்கள் நோயற்றவர்களாகிவிடுவார்கள்; இம்முறை பிழை எதிர்ப்பக்கம் சாயும். இயன்றால் ஒவ்வொரு செல்வப் பிரிவுக்கும் நான்கு எண்களை அருகருகே எழுதுங்கள்: நோய் உள்ளவர்கள், அவர்களில் அதை அறிந்தவர்கள், சிகிச்சை பெறுபவர்கள், நோய் கட்டுக்குள் இருப்பவர்கள். நோய் உள்ளவர்களின் விகிதம் எல்லாப் பிரிவுகளிலும் ஒன்றுபோல இருந்தும், கடைசி எண்ணில் பெரிய பிளவு தெரிவது உண்டு; மாரடைப்பும் பக்கவாதமும் அந்தக் கடைசி எண்ணைத்தான் பின்தொடர்கின்றன.

வறுமையை எதைக் கொண்டு அளந்தார்கள்?

வருமானம், சொத்து, கல்வி, தொழில், வாழும் பகுதி ஆகிய ஐந்தில் ஏதோ ஒன்று, அல்லது சிலவற்றின் கலவை, "சமூகப் பொருளாதார நிலை" என்ற பெயரில் வரும். இவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். ஓய்வு பெற்றபின் சரிந்துவிடும். சொத்து, நோய் வந்து வேலை நின்ற காலத்தில் குடும்பத்தைத் தாங்கும் இருப்பு. முதியவர்களிடையே வருமானத்தைவிட அதுவே தகுந்த அளவுகோல். கல்வி பெரும்பாலும் இளமையிலேயே முடிந்துவிடுவதால், நடுவயதில் வரும் நோயால் அது குறைந்துபோக வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கல்வியை முதலில் பார்ப்பேன்.

வருமானத்தைக் கேட்டறிவது கடினமாக உள்ள நாடுகளில் வீட்டிலுள்ள பொருள்கள், தரை, கூரை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைக் கொண்டு சொத்துக் குறியீடு கணக்கிட்டு, மக்களை ஐந்து சம பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவு அந்தந்த நாட்டுக்குள் மட்டுமே பொருள்படும். ஒரு நாட்டின் மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கினர், இன்னொரு நாட்டின் நடுப்பிரிவைவிட வசதியாக வாழலாம். நகரத்தில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களுக்கு அந்தக் குறியீடு அதிக மதிப்பெண் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். தந்தால், செல்வத்தின் விளைவு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி நகர வாழ்க்கையின் விளைவாக இருக்கும்.

பகுதிவாரிக் குறியீடுகளில் பிரிட்டனின் அனுபவம் பாடம் சொல்லக்கூடியது. டவுன்சென்ட் குறியீடு நான்கே செய்திகளால் ஆனது: வேலையின்மை, சொந்த வீடின்மை, காரின்மை, வீட்டு நெரிசல். எளிமையானது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து நேரே கணக்கிடக்கூடியது. ஆனால் பேருந்து வராத கிராமத்தில் கார் ஆடம்பரமன்று. வேலைக்குப் போக அது இல்லாமல் முடியாது என்பதால் ஏழைக் குடும்பமும் கடன்பட்டு ஒன்றை வைத்திருக்கும். அதனால் இந்தக் குறியீடு கிராமப்புற வறுமையைக் குறைத்தே காட்டுகிறது. பின்னர் இங்கிலாந்தில் வந்த பன்முகப் பின்தங்கல் குறியீடு ஏழு கூறுகளைச் சேர்க்கிறது. அதன் 2019 பதிப்பு நாட்டை 32,844 சிறு பகுதிகளாகப் பிரித்து வரிசைப்படுத்தியது. வருமானத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் தலா 22.5 சதவீத எடை. கல்விக்கும் உடல்நலத்துக்கும் தலா 13.5 சதவீதம், குற்றம், வீட்டு வசதியும் சேவைகளும் எட்டும் தன்மை, வாழிடச் சூழல் ஆகியவற்றுக்குத் தலா 9.3 சதவீதம். இதில் உடல்நலமும் ஒரு கூறு என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் குறியீட்டை வைத்துக்கொண்டு "பின்தங்கிய பகுதிகளில் நோய் அதிகம்" என்று நிறுவினால், நோயை நோயோடு ஒப்பிட்ட குறை அதில் ஒட்டிக்கொள்ளும். வருமானக் கூறை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்துவதே இதற்குத் தீர்வு.

பகுதிக்குச் சொல்வது ஆளுக்குப் பொருந்திவிடாது என்பதும் இங்கேயே நினைவில் இருக்கட்டும். 1950இல் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் காட்டிய எடுத்துக்காட்டு இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது: 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது, ஆனால் தனி ஆள்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவுதான் குறைவு. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களைத் தேடிப் போனதே காரணம். பின்தங்கிய பகுதியில் வாழும் எல்லோரும் ஏழைகள் அல்லர். ஏழைகளில் பலர் பின்தங்கிய பகுதிகளுக்கு வெளியே வாழ்கிறார்கள்.

வயதைச் சமன் செய்யாமல் ஒப்பிடாதீர்கள்

நாட்பட்ட நோய்கள் பெரும்பாலும் வயதோடு கூடுபவை. ஏழ்மையான பகுதிகளில் இளையோர் விகிதம் அதிகமாகவும், வசதியான பகுதிகளில் முதியோர் விகிதம் அதிகமாகவும் இருப்பது பரவலாகக் காணப்படுவது. இதைச் சரிசெய்யாத ஒப்பீடு எதையும் நம்ப வேண்டாம் என்று சொல்வதைவிட, கணக்கைச் செய்து பார்ப்பது நல்லது.

கற்பனையாக இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 10,000 வயது வந்தோர். வசதியான பகுதியில் 45 வயதுக்குக் கீழ் 3,000 பேர், 45 முதல் 64 வரை 3,500 பேர், 65உம் அதற்கு மேலும் 3,500 பேர். அவர்களில் நோய் உள்ளவர்கள் முறையே 2, 10, 20 சதவீதம். அதாவது 60, 350, 700 பேர். மொத்தம் 1,110 பேர், 11.1 சதவீதம். ஏழ்மையான பகுதியில் அதே வயதுப் பிரிவுகளில் 6,000, 3,000, 1,000 பேர். நோய் உள்ளவர்கள் 4, 16, 26 சதவீதம். அதாவது 240, 480, 260 பேர். மொத்தம் 980 பேர், 9.8 சதவீதம். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஏழைப் பகுதியில்தான் நோய் அதிகம். ஆனால் மொத்தத்தில் வசதியான பகுதி முந்திவிட்டது.

சரிசெய்ய, இரண்டு பகுதிகளுக்கும் பொதுவான ஒரு வயதமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5,000, 3,000, 2,000 என்று வைத்துக்கொண்டால், வசதியான பகுதியின் விகிதங்களின்படி அதில் 100, 300, 400 ஆக 800 நோயாளிகள், 8 சதவீதம். ஏழ்மையான பகுதியின் விகிதங்களின்படி 200, 480, 520 ஆக 1,200 நோயாளிகள், 12 சதவீதம். உண்மையான இடைவெளி ஒன்றரை மடங்கு. உண்மைத் தரவுகளைக் கையாளும்போது நாமாக ஒரு வயதமைப்பை உருவாக்காமல், உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுள்ள பொது வயதமைப்பு போன்ற ஒன்றைப் பயன்படுத்தி, எதைப் பயன்படுத்தினோம் என்று குறிப்பிட வேண்டும். அதை மாற்றினால் விடையும் மாறும்.

வயதைச் சமன் செய்தபின்னும் ஒரு மிச்சம் இருக்கிறது. சதவீதத்தைவிட, நோய் எந்த வயதில் தொடங்குகிறது என்பது இன்னும் தெளிவாகப் பேசும். ஸ்காட்லாந்தில் 314 மருத்துவ நிலையங்களில் பதிவு செய்திருந்த ஏறக்குறைய 17.5 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, ஒருவருக்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்கள் சேர்ந்திருக்கும் நிலை, மிகப் பின்தங்கிய பகுதிகளில் மிக வசதியான பகுதிகளைவிட 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குகிறது என்று கண்டது. 65 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் ஒப்பிடும் ஆய்வில் இந்த இடைவெளி சுருங்கியே தெரியும். நலிந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்த வயதுக்கு முன்பே இறந்துவிட்டிருப்பார்கள். அமெரிக்காவின் 2001 முதல் 2014 வரையிலான வரிப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, 40 வயதை எட்டிய ஆண்களில் வருமானத்தின் உச்சியில் உள்ள 1 சதவீதத்தினருக்கும் அடியில் உள்ள 1 சதவீதத்தினருக்கும் இடையே ஆயுள் எதிர்பார்ப்பில் 14.6 ஆண்டுகளும், பெண்களில் 10.1 ஆண்டுகளும் வேறுபாடு இருந்தது.

இடைவெளியை எப்படிச் சொல்வது?

மிக ஏழையான பிரிவில் நடுவயது இதயநோய் இறப்பு லட்சத்துக்கு 200ஆக இருந்து 120ஆகக் குறைந்தது, மிக வசதியான பிரிவில் 100ஆக இருந்து 50ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 100இலிருந்து 70ஆகச் சுருங்கியிருக்கிறது. மடங்கு 2இலிருந்து 2.4ஆக விரிந்திருக்கிறது. ஆளும் தரப்பு முதலாவதையும் எதிர்த்தரப்பு இரண்டாவதையும் மேற்கோள் காட்டும், இரண்டும் உண்மை. எழுதுபவர் இரண்டையும் தருவதே நேர்மை.

இரண்டு முனைகளை மட்டும் ஒப்பிடுவதில் இன்னொரு இழப்பும் உண்டு: நடுவில் இருப்பவர்கள் காணாமல் போகிறார்கள். லண்டனில் பிரிட்டிஷ் அரசின் ஆண் ஊழியர்கள் 17,500க்கும் மேற்பட்டோரை 1967 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அவர்கள் எல்லோரும் நிலையான அரசு வேலையில் இருந்தவர்கள். யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். ஆனாலும் மிகக் கீழ்நிலை ஊழியர்களிடம் இதயத் தமனி நோயால் ஏற்பட்ட இறப்பு, ஏழரை ஆண்டுகளில், உயர்நிலை அதிகாரிகளைவிட 3.6 மடங்காக இருந்தது. உச்சிக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கும் உச்சியில் இருந்தவர்களைவிட ஆபத்து அதிகம். நோய் ஒரு படிக்கட்டைப் போல நிலைக்கு நிலை ஏறியது. புகைத்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தபின்னும் அந்த வேறுபாட்டில் பாதிக்கும் குறைவான பகுதியே விளங்கியது.

படிக்கட்டு முழுவதையும் ஒரே எண்ணில் சொல்லச் சாய்வுக் குறியீடு உதவும். ஐந்து சம பிரிவுகளில் ஏழ்மையிலிருந்து செல்வம் நோக்கி நோய் விகிதங்கள் 14, 11, 10, 9, 6 சதவீதம் என்று கொள்வோம். பிரிவுகளின் நடு இடங்களை 0.1, 0.3, 0.5, 0.7, 0.9 என்று குறித்து, புள்ளிகளுக்கு நடுவே மிகப் பொருத்தமான நேர்கோடு வரைந்தால் அதன் சாய்வு 9 சதவீதப் புள்ளி. முனைப் பிரிவுகள் இரண்டையும் கழித்தால் கிடைப்பது 8. சாய்வுக் குறியீட்டில் ஐந்து பிரிவினரின் எண்களும் பங்கேற்றிருக்கின்றன. விகிதங்கள் சீராக ஏறாமல் நடுப்பிரிவில் மேடு தட்டினால் மட்டும் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்த வேண்டாம். நேர்கோடு அங்கே பொய் சொல்லும்.

நோய் முதலில் வந்ததா, வறுமையா?

பக்கவாதம் வந்தவர் வேலையை இழக்கிறார். சிறுநீரகம் செயலிழந்தவரின் வீட்டில் சேமிப்பு கரைகிறது. ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பில் இவர்கள் "ஏழை நோயாளிகள்" என்றே தெரிவார்கள். வறுமை நோயைக் கொண்டுவந்ததா, நோய் வறுமையைக் கொண்டுவந்ததா என்று அந்தத் தரவு சொல்லாது. மருத்துவத்துக்காகக் குடும்பம் தன் மொத்தச் செலவில் அல்லது வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கையிலிருந்து கொடுப்பதைப் பேரிடர்ச் செலவு என்று பன்னாட்டு அளவில் நெடுங்காலம் கணக்கிட்டு வந்ததும் இந்த இரண்டாவது பாதையைப் பிடிக்கத்தான். ஆகவே செல்வ நிலை எப்போது அளக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு அளந்திருந்தால், அல்லது குழந்தைப் பருவ நிலையையும் கேட்டிருந்தால், அந்த ஆய்வுக்கு எடை அதிகம்.

சோதனை முறையில் கிடைத்த சான்றுகள் சிலவே. அவையும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. சுவீடனில் லாட்டரிப் பரிசு பெற்றவர்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, வயது வந்தபின் திடீரெனக் கைக்கு வந்த பெரும் பணம் அவர்களுடைய உடல்நலத்தையோ ஆயுளையோ குறிப்பிடத்தக்க அளவு மாற்றவில்லை என்று கண்டது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல் 1998 வரை மிக ஏழ்மையான பகுதிகளின் அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில், ஏழ்மை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவிச் சீட்டு தரப்பட்டது. 10 முதல் 15 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அந்தச் சீட்டு கிடைத்த பெண்களிடம் கடுமையான உடற்பருமனும் சர்க்கரை நோயும் மற்றவர்களைவிட 3 முதல் 5 சதவீதப் புள்ளிகள் வரை குறைவாக இருந்தன. வலுவான சமூகப் பாதுகாப்பு உள்ள நாட்டில் பணம் கூடுவதும், பாதுகாப்பு நலிந்த நாட்டில் வாழிடம் மாறுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதால் இவற்றை முரணாகக் கொள்ளத் தேவையில்லை. "பணம் கொடுத்தால் நோய் குறையும்" என்றோ "பணத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை" என்றோ ஒரே ஆய்வைக் காட்டி எழுதிவிடக் கூடாது என்பதற்கு இந்த இணை போதும்.

இனி காரணங்களுக்கு வரலாம்

எண்கள் நின்று தாங்கும் என்று உறுதியானபின் காரணங்களைத் தேட வேண்டும். புகையிலை, மலிவாகக் கிடைக்கும் கலோரி மிகுந்த உணவு, மாசடைந்த காற்று, இரவுப் பணியும் உடலை வருத்தும் வேலையும், நெரிசலும் ஈரமும் நிறைந்த வீடு, ஓயாத கவலையால் உடலில் ஏற்படும் அழுத்தம், தாமதமாகக் கிடைக்கும் சிகிச்சை ஆகியவை அறியப்பட்ட பாதைகள். இவை பிறப்புக்கு முன்பே தொடங்கலாம்: 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஏறக்குறைய 50 வயதில் பரிசோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுடைய உடலில் குறைந்திருந்தது.

எல்லாப் பழியையும் பழக்கவழக்கத்தின் மீது போடும் விளக்கங்களை ஐயத்தோடு பார்ப்பது நல்லது. 17 நாடுகளில் ஏறக்குறைய 1.56 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்ட ப்யூர் ஆய்வில், இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகள் உயர் வருமான நாடுகளில்தான் மிக அதிகம். ஆனால் கடுமையான இதயநோய் நிகழ்வுகளோ ஓர் ஆண்டில் ஆயிரம் பேருக்கு உயர் வருமான நாடுகளில் 3.99, குறைந்த வருமான நாடுகளில் 6.43. நிகழ்வுக்கு ஆளானவர்களில் இறந்தவர்கள் முன்னதில் 6.5 சதவீதம், பின்னதில் 17.3 சதவீதம். ஆபத்து குறைவாக இருந்தவர்கள் அதிகமாக இறந்தார்கள். இடையில் நின்றது மருத்துவம். நல்ல மருத்துவச் சேவை, அது அதிகம் தேவைப்படும் மக்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியது இன்னும் பழையதாகிவிடவில்லை.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1930களில் மேல்தட்டு ஆண்களிடம் அதிகமாகப் பதிவான இதயத் தமனி நோய், 1961 வாக்கில் உழைக்கும் மக்களிடம் அதிகமாகிவிட்டது. புகைத்தலும் உணவு மாற்றமும் முதலில் வசதியானவர்களிடம் பரவி, கல்வியும் மருத்துவமும் கிடைத்ததும் முதலில் அவர்களையே விட்டு நீங்குகின்றன. இந்தியாவில் 15 மாநிலங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் நீரிழிவு ஆய்வில், வளர்ச்சியடைந்த மாநிலங்களின் நகர்ப்புறங்களில் நீரிழிவு வசதி குறைந்தவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. பிற இடங்களில் வசதியானவர்களிடமே அது அதிகம். தொடக்கத்தில் சொன்ன இரண்டு அறிக்கைகளும் ஒரே நாட்டுக்குள் ஒரே ஆண்டில் உண்மையாக இருக்கும் வழி இது.

முடிவை எழுதும்போது

"ஏழைகளுக்கு நோய் அதிகம்" என்ற வாக்கியத்தில் மேலே கண்ட எந்தக் கேள்விக்கும் விடை இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "30 வயதுக்கு மேற்பட்டோரில், ரத்தப் பரிசோதனையிலோ மருந்து உட்கொள்வதைக் கொண்டோ கண்டறியப்பட்ட நீரிழிவு, வயதைச் சமன் செய்தபின், சொத்துக் குறியீட்டின் மிக ஏழையான பிரிவில் 12 சதவீதமாகவும் மிக வசதியான பிரிவில் 8 சதவீதமாகவும் உள்ளது, இது 4 சதவீதப் புள்ளி வேறுபாடு, ஒன்றரை மடங்கு, தரவு ஒரே காலத்தில் திரட்டப்பட்டதால் காரணத்தின் திசையை இது காட்டாது." நீளமான வாக்கியம்தான்; ஆனால் படிப்பவர் அதைக் கொண்டு வேறோர் ஆய்வோடு ஒப்பிட முடியும்.

சிறு பகுதிகளைப் பற்றி எழுதினால் எண்ணிக்கையையும் சேர்த்துத் தாருங்கள். 40 பேர் உள்ள பிரிவில் இரண்டு நோயாளிகள் கூடினால் விகிதம் 5 சதவீதப் புள்ளி ஏறிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் சில ஆண்டுகளின் தரவைச் சேர்த்துக் கணக்கிட்டு, பிழை எல்லையையும் குறிப்பிட வேண்டும். இறுதியாக, கணக்கெடுப்பு யாரைத் தேடிச் சென்றது என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதுங்கள். குடும்பக் கணக்கெடுப்புகள் வீட்டு முகவரிகளின் பட்டியலிலிருந்து ஆள்களைத் தேர்ந்தெடுக்கின்றன. வீடற்றவர்கள், வேலைத்தளத்தில் தங்கியிருக்கும் புலம்பெயர் தொழிலாளர்கள், காப்பகங்களிலும் சிறைகளிலும் இருப்பவர்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை.